முழு வாக்கியத்தையும் சுட்டும் ஆங்கில ‘விச்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் ரிலேடிவ் கிளாஸ் (ஒரு பெயரைப் பற்றி மேலும் சொல்லச் சேர்க்கும் துணை வாக்கியம்) பாடம் பெரும்பாலும் பாதியோடு நின்றுவிடுகிறது. ஆளைச் சொல்ல ‘ஹூ’, பொருளைச் சொல்ல ‘விச்’, இரண்டுக்கும் ‘தட்’ என்று எழுதிப்போட்டதும் மணி அடித்துவிடும். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘விச்’ என்ற சொல்லை இன்னொரு வேலைக்கும் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். இப்போதுதான் சொல்லிமுடித்த செய்தி முழுவதையும் அந்த ஒரே சொல்லால் பிடித்து, அதைப் பற்றி மேலும் ஒன்றைச் சொல்வதற்கு. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஆங்கில ஒலிப்பிலேயே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்பது காதுக்கே தெரியும்.

எந்த ‘விச்’ பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“ஷி ரோட் மீ எ லெட்டர், விச் வாஸ் த்ரீ பேஜஸ் லாங்.”

“ஷி ரோட் மீ எ லெட்டர், விச் சர்ப்ரைஸ்ட் மீ.”

முதல் வாக்கியத்தில் மூன்று பக்கம் இருந்தது கடிதம். ‘விச்’ தனக்கு முன்னால் நிற்கும் ‘லெட்டர்’ என்ற பெயர்ச்சொல்லைச் சுட்டுகிறது. இரண்டாவதில் என்னை வியக்கவைத்தது காகிதம் அல்ல. அவள் எனக்குக் கடிதம் எழுதினாள் என்ற செய்தி. அங்கே ‘விச்’ கமாவுக்கு முன்னால் உள்ள வாக்கியம் முழுவதையும் சுட்டுகிறது. இலக்கண நூல்களில் இதற்கு ‘சென்டென்ஷியல் ரிலேடிவ் கிளாஸ்’ என்று பெயர். பெயர் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, வேலை நினைவில் நின்றால் போதும்.

தமிழில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது?

செய்தியைச் சொல்லிமுடித்த பிறகு, அதே வாக்கியத்துக்குள் ‘விச்’ போல அதைச் சுட்டித் தொடரும் சொல் தமிழில் இல்லை. ‘நேற்று வந்த பையன்’, ‘நான் வாங்கிய புத்தகம்’ என்று பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். அதைப் பெயரோடுதான் சேர்க்க முடியும், ஒரு முழு வாக்கியத்தோடு ஒட்ட முடியாது. முழுச் செய்தியைச் சுட்ட வேண்டுமானால் வாக்கியத்தை முடித்துவிட்டு ‘இது’, ‘இதனால்’, ‘அப்படியானால்’, ‘அதற்குள்’ என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறோம். அந்தப் பழக்கம்தான் நம்முடைய ஆங்கிலத்தில் ஒரு குறிப்பிட்ட பிழையாக இறங்குகிறது.

“தி பஸ் வாஸ் லேட், திஸ் மேட் மீ மிஸ் தி இன்டர்வியூ.”

தமிழில் ‘பேருந்து தாமதமாக வந்தது, இதனால் நேர்காணலைத் தவறவிட்டேன்’ என்று கமா போட்டு எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆங்கிலத்தில் தனியாக நிற்கக்கூடிய இரண்டு முழு வாக்கியங்களைக் கமா மட்டும் இணைக்க முடியாது. ‘கமா ஸ்ப்ளைஸ்’ என்று பெயர் வைத்து மதிப்பெண் குறைப்பார்கள். கமாவை வைத்துக்கொள்ள விரும்பினால் ‘திஸ்’ போய் ‘விச்’ வர வேண்டும். ‘திஸ்’ வேண்டுமென்றால் கமா போய் முற்றுப்புள்ளி வர வேண்டும். ‘அண்ட் திஸ்’ என்றும் எழுதலாம். மின்னஞ்சல்களைத் திருத்தும்போது நான் அதிகமாகக் கைவைப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

அப்படியானால் ‘விச்’ போட்டாலும் ‘திஸ்’ போட்டாலும் பொருள் ஒன்றுதானா?

செய்தி ஒன்றுதான். கனம் வேறு, அதைக் கவனிக்காமல் எழுதுவதால் பலருடைய எழுத்தில் தொனி தவறிவிடுகிறது.

‘விச்’ கிளாஸ் ஒரு வால். தலையில் செய்தியைச் சொல்லிவிட்டு, அதன் மேல் நம்முடைய கருத்தையோ சின்ன விளைவையோ போகிறபோக்கில் சேர்க்க அது மிகப் பொருத்தம். “ஹீ பெய்ட் ஃபார் தி டாக்ஸி, விச் வாஸ் கைண்ட் ஆஃப் ஹிம்.” பேச்சு ஆங்கிலத்தில் இந்த அமைப்பு பெரும்பாலும் இப்படிக் கருத்துச் சொல்லத்தான் வருகிறது. ‘விச் இஸ் நைஸ்’, ‘விச் இஸ் எ பிட்டி’, ‘விச் வாஸ் எ ரிலீஃப்’ போன்றவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம், எங்கும் கைகொடுக்கும்.

ஆனால் விளைவுதான் நீங்கள் சொல்ல வந்த முக்கியச் செய்தி என்றால் அதை வாலில் கட்டாதீர்கள். ஒரு விபத்து அறிக்கையில் “தி கேட் வாஸ் லாக்ட், விச் மென்ட் தட் த்ரீ வொர்க்கர்ஸ் டைட்” என்று எழுதினால், மூன்று பேர் இறந்தது பூட்டிய கதவைப் பற்றிய ஒரு கூடுதல் குறிப்புபோல ஒலிக்கிறது. இலக்கணம் சரி, எழுத்து தவறு. அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள். “தி கேட் வாஸ் லாக்ட். த்ரீ வொர்க்கர்ஸ் டைட் பிகாஸ் ஆஃப் திஸ்.” தனி வாக்கியம் என்ற மரியாதையைச் சில செய்திகளுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பெயரைச் சுட்டுகிறதா, வாக்கியத்தைச் சுட்டுகிறதா என்று படிக்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

‘விச்’சை எடுத்துவிட்டு ‘அண்ட் தி ஃபாக்ட் தட் திஸ் ஹாப்பன்ட்’ என்று மனதுக்குள் வைத்துப் பாருங்கள். பொருள் நின்றால் அது வாக்கியத்தைச் சுட்டும் ‘விச்’.

வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்கும். “தே சோல்ட் தேர் ஹவுசஸ், விச் வேர் நியர் தி ஸ்டேஷன்” என்றால் ‘வேர்’ பன்மை, ஆகவே சுட்டப்படுவது வீடுகள். “தே சோல்ட் தேர் ஹவுசஸ், விச் வாஸ் எ மிஸ்டேக்” என்றால் ‘வாஸ்’ ஒருமை, ஆகவே சுட்டப்படுவது விற்ற செயல். ஒரு செய்தி எப்போதும் ஒருமைதான், அதற்குள் எத்தனை வீடுகள் இருந்தாலும் சரி. போட்டித் தேர்வுகளின் பிழை கண்டறியும் பகுதிக்குப் படிக்கிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். பன்மைப் பெயரை ‘விச்’சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘வாஸ்’ சரியா ‘வேர்’ சரியா என்று கேட்பது எளிதாக அமைக்கக்கூடிய ஒரு கேள்வி.

கமா கட்டாயமா?

கட்டாயம். கமா இல்லாவிட்டால் ‘விச்’ பக்கத்தில் உள்ள பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

“ஹீ டிட் நாட் ஆன்சர் தி கொஸ்டின் விச் வாஸ் ஸ்ட்ரேஞ்ச்” என்றால் பல கேள்விகளில் விசித்திரமாக இருந்த அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. ‘கொஸ்டின்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கமா வைத்தால், அவர் பதில் சொல்லாததே விசித்திரம் என்ற பொருள் வருகிறது. பேசும்போது அந்தக் கமா ஒரு சின்ன இடைநிறுத்தம். குரல் ஒரு படி இறங்கி மறுபடி தொடங்கும். அந்த நிறுத்தம் இல்லாமல் வேகமாகச் சொன்னால் கேட்பவர் முதல் பொருளில்தான் எடுத்துக்கொள்வார்.

‘விச்’சுக்குப் பதில் ‘தட்’ போடலாமா? ‘வாட்’?

இரண்டும் கூடாது. “ஷி பாஸ்ட், தட் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி” என்பது மீண்டும் அதே கமா ஸ்ப்ளைஸ்தான். அங்கே ‘தட்’ ரிலேடிவ் அல்ல, வெறும் ‘அது’.

‘வாட்’ பின்னால் திரும்பிப் பார்க்காது, முன்னால் பார்க்கும். “வாட் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி வாஸ் தட் ஷி பாஸ்ட்” என்று வியப்பை முதலில் சொல்லிச் செய்தியைப் பிறகு திறக்கலாம். ‘வாட் இஸ் வொர்ஸ்’, ‘வாட் இஸ் மோர்’ என்ற தொடர்களும் அப்படியே, இனி வரப்போகும் செய்தியைத்தான் அறிவிக்கின்றன. “ஹீ லாஸ்ட் தி டிக்கெட்ஸ் அண்ட், வாட் இஸ் வொர்ஸ், ஹீ ப்ளேம்ட் மீ.” மோசமானது டிக்கெட் தொலைந்தது அல்ல, பழி என்மேல் விழுந்தது.

வாசகருக்குக் குழப்பம் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை எப்படித் தவிர்ப்பது?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். மேலே சொன்ன விதிகளை எல்லாம் சரியாகக் கடைப்பிடித்த வாக்கியம்கூட இரண்டு பொருள் தரலாம். ஏனென்றால் ‘விச்’சுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல் நிற்கும், அதுவும் நான்தான் என்று முன்வரும்.

“மை பிரதர் பாட் எ செகண்ட்ஹேண்ட் பைக், விச் அப்செட் மை ஃபாதர்.” அப்பாவை வருத்தியது பைக்கா, அதை வாங்கியதா? எப்படி எடுத்துக்கொண்டாலும் வீட்டில் நடந்தது ஒன்றுதான். இதைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது இதைப் பாருங்கள். “தி டாக்டர் ஸ்டாப்ட் தி மெடிசின், விச் லெட் டு தி ஸ்வெல்லிங்.” வீக்கம் மருந்தால் வந்ததா, மருந்தை நிறுத்தியதால் வந்ததா? ஒரு பொருளில் மருத்துவர் சரியாகச் செய்திருக்கிறார், இன்னொரு பொருளில் அவர்தான் வீக்கத்துக்குக் காரணம். இந்த வாக்கியம் நோயாளியின் குறிப்பில் இருந்தால் அடுத்துப் படிக்கும் மருத்துவர் மருந்தை மறுபடி தொடங்குவதா வேண்டாமா என்று எதை வைத்து முடிவெடுப்பார்? செவிலியர் பணிக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இந்த எடுத்துக்காட்டை நான் விடுவதே இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ‘விச்’சைக் கைவிடுங்கள். மருந்தால் வந்தது என்றால் “தி மெடிசின் ஹாட் காஸ்ட் ஸ்வெல்லிங், சோ தி டாக்டர் ஸ்டாப்ட் இட்.” நிறுத்தியதால் என்றால் “ஸ்டாப்பிங் தி மெடிசின் லெட் டு தி ஸ்வெல்லிங்.” செயலையே எழுவாயாக்கிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. முன்சொன்ன செய்திக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துவிடுவது. “தி காலேஜ் ரெய்ஸ்ட் தி ஹாஸ்டல் ஃபீஸ், எ டெசிஷன் தட் ஆங்கர்ட் பேரன்ட்ஸ்.” பெற்றோர் கோபப்பட்டது கட்டணத்தின் மேல் அல்ல, முடிவின் மேல் என்று இப்போது தெளிவாகிவிட்டது. கமாவுக்குப் பிறகு ‘டெசிஷன்’ என்ற பெயர்ச்சொல் வந்துவிட்டதால் இங்கே ‘தட்’ தாராளமாக வரலாம். நடந்ததை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதற்கேற்ப ‘எ டிலே’, ‘எ ப்ராமிஸ்’, ‘எ ஹாபிட்’, ‘எ ரிஸ்க்’ என்று மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பெயரும் அமையவில்லையென்றால் ‘சம்திங்’ போதும். “ஹீ அபாலஜைஸ்ட், சம்திங் ஹீ ஹாட் நெவர் டன் பிஃபோர்.”

மூன்றாவது வகைக் குழப்பம் ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது வருகிறது. “மீனா டோல்ட் மீ தட் ரவி ஹாட் ரிசைண்ட், விச் வாஸ் எ லை” என்றால் பொய் என்பது ரவி விலகினான் என்ற செய்தி. அதே வாக்கியம் ‘விச் வாஸ் கைண்ட் ஆஃப் ஹர்’ என்று முடிந்தால் சுட்டப்படுவது மீனா என்னிடம் சொன்ன செயல். ‘விச் ஷாக்ட் மீ’ என்று முடிந்தால் இரண்டுமாக இருக்கலாம். பேச்சில் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், எழுத்தில் நீங்கள்தான் தெளிவாக்க வேண்டும்.

வாக்கியத்தைச் சுட்டும் ‘விச்’சை ஒருவர் சரி என்கிறார், இன்னொருவர் தவறு என்கிறார். யாரை நம்புவது?

இருவரும் வெவ்வேறு தேர்வுகளை மனதில் வைத்துப் பேசியிருப்பார்கள். பொதுவான ஆங்கிலத்தில் இது முழுக்கச் சரி. ஆனால் அமெரிக்கக் கல்லூரி எழுத்துக் கையேடுகள் சில இதை ‘ப்ராட் ரெஃபரென்ஸ்’ என்று அழைத்து, தவிர்க்கச் சொல்கின்றன. எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் ‘சென்டென்ஸ் கரெக்‌ஷன்’ பகுதி இருந்த காலத்தில், ‘விச்’ ஒரு பெயர்ச்சொல்லைத்தான் சுட்ட வேண்டும், வாக்கியத்தைச் சுட்டினால் அந்த விடையை அடித்துவிடுங்கள் என்றுதான் பயிற்சி மையங்கள் சொல்லித்தந்தன. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அந்தப் பகுதியே இல்லை. ஆனாலும் பழைய குறிப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஜிமேட்டுக்குப் படித்த அண்ணன் தம்பிக்குத் ‘தவறு’ என்று சொல்வது அங்கிருந்து வந்தது.

வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் கதை வேறு. எழுத்து, பேச்சு இரண்டிலும் மதிப்பெண்ணில் கால்பங்கு இலக்கணத்தின் வகையையும் சரியான பயன்பாட்டையும் பார்த்துத்தான் தருகிறார்கள். பேச்சுத் தேர்வில் “ஐ க்ரூ அப் நியர் தி சீ, விச் இஸ் வொய் ஐ லவ் ஃபிஷ்” என்று இயல்பாக வந்தால் அது உங்களுக்கு நன்மைதான்.

‘இன் விச் கேஸ்’, ‘பை விச் டைம்’ எல்லாம் இதே குடும்பமா?

ஆம், இதே குடும்பம்தான். ஆனால் இங்கே ‘விச்’ தனியாக நிற்காமல் ஒரு பெயர்ச்சொல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறது.

நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற செய்திக்குப் பிறகு ‘இன் விச் கேஸ்’. “தி டிரெயின் மே பி லேட், இன் விச் கேஸ் ஐ வில் டேக் எ பஸ்.” தமிழில் ‘அப்படியானால்’ என்று சொல்லும் இடம். ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குப் பிறகு இதைப் போடக் கூடாது. “தி பவர் வென்ட் ஆஃப், அட் விச் பாயின்ட் எவ்ரிபடி வென்ட் ஹோம்” என்பது ‘அந்தக் கட்டத்தில்’. “வி ரீச்ட் தி பாங்க் அட் ஃபைவ், பை விச் டைம் இட் ஹாட் க்ளோஸ்ட்” என்பது ‘அதற்குள்’. இங்கே ‘ஹாட் க்ளோஸ்ட்’ என்ற காலத்தைக் கவனியுங்கள், ‘பை விச் டைம்’ பெரும்பாலும் அதைத்தான் கேட்கும்.

பெயர்ச்சொல் இல்லாமலும் ப்ரெபொசிஷன் வரலாம். “ஹீ சேவ்ட் மை சன், ஃபார் விச் ஐ வில் ஆல்வேஸ் பி கிரேட்ஃபுல்.” “தே சைன்ட் தி பேப்பர்ஸ், ஆஃப்டர் விச் வி ஆல் ஹாட் லன்ச்.” எழுத்தில் அழகாக இருக்கும், பேச்சில் சற்று விறைப்பு.

ஓர் எச்சரிக்கை. அலுவலகக் கடிதங்களில் ‘இன் விச்’ என்பது கனமாக ஒலிக்கிறது என்பதற்காகவே தேவையில்லாத இடங்களில் நுழைக்கப்படுகிறது. “தி மீட்டிங், இன் விச் வில் ஸ்டார்ட் அட் டென்” என்பதில் ‘இன்’னுக்கு வேலையே இல்லை. எதற்குள், எந்த நிலையில் என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டும் ‘இன்’.

‘விச் இஸ் வொய்’, ‘விச் இஸ் பிகாஸ்’ இரண்டில் எது சரி?

இரண்டும் சரி, திசைதான் வேறு. காரணத்தை முதலில் சொல்லி விளைவுக்குப் போனால் ‘விச் இஸ் வொய்’. “ஹீ வாஸ் இல், விச் இஸ் வொய் ஹீ டிட் நாட் கம்.” விளைவை முதலில் சொல்லிக் காரணத்துக்குத் திரும்பினால் ‘விச் இஸ் பிகாஸ்’. இந்த இரண்டாவது வடிவம் குறைவாகவே வரும். வெறும் ‘பிகாஸ்’ போதுமான இடத்தில் அதை எழுத வேண்டியதில்லை.

‘வொய்’ வந்துவிட்டதே என்று கேள்வி வடிவத்துக்குப் போய்விடாதீர்கள். ‘விச் இஸ் வொய் டிட் ஹீ நாட் கம்’ என்பது தவறு. அது கேள்வி அல்ல, சாதாரண வாக்கிய வரிசைதான் வேண்டும்.

முழு வாக்கியத்தை விட்டு ஒரு பகுதியை மட்டும் ‘விச்’ சுட்டுமா?

சுட்டும், இதைப் பாடமாக நடத்துகிறவர்கள் குறைவு. “தே ஆஸ்க்ட் மீ டு வெய்ட், விச் ஐ டிட்.” நான் செய்தது காத்திருந்தது மட்டும்தான், அவர்கள் கேட்டது அதில் சேராது. “எவ்ரிபடி தாட் ஷி வாஸ் ரிச், விச் ஷி வாஸ் நாட்.” இங்கே சுட்டப்படுவது ‘ரிச்’ என்ற தன்மை.

பேசப்படுவது பெண் ஆயிற்றே, ‘ஹூ’ வர வேண்டாமா என்று இங்கே ஒரு கேள்வி எழும். வேண்டாம். சுட்டப்படுவது அவள் அல்ல, அவளைப் பற்றிச் சொன்ன தன்மை. ‘ஹூ ஷி வாஸ் நாட்’ என்றால் ‘அவள் வேறு ஆள்’ என்பதுபோல ஆகிவிடும். ஆளுக்கு ‘விச்’ போடுவதும் ஒரு காலத்தில் வழக்கில் இருந்ததுதான். 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் பரமண்டல ஜெபம் “அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்” என்றே தொடங்குகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அது இல்லை.

‘ஆஸ்’ என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறதே?

பாதி வேலையைச் செய்கிறது. ‘ஆஸ் யூ நோ’, ‘ஆஸ் வி எக்ஸ்பெக்டட்’, ‘ஆஸ் இஸ் ஆஃபன் தி கேஸ்’ எல்லாம் ஒரு முழுச் செய்தியைத்தான் சுட்டுகின்றன. ‘ஆஸ்’ செய்திக்கு முன்னாலும் வரலாம், நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். “ஆஸ் வி எக்ஸ்பெக்டட், தி டிரெயின் வாஸ் லேட்” என்று தொடங்க முடியும். இந்த வாக்கியத்தில் ‘ஆஸ்’ இருந்த இடத்தில் ‘விச்’ நிற்காது. ‘விச்’ பொதுவாகச் செய்தி முடிந்த பிறகுதான் வரும்.

பொருளிலும் ஓர் எல்லை உண்டு. செய்தியோடு ஒத்துப்போகும் இடத்தில்தான் ‘ஆஸ்’ வரும்: தெரியும், எதிர்பார்த்தோம், சொன்னோம், வழக்கம். “ஷி ஃபெயில்ட், ஆஸ் ஷாக்ட் மீ” என்று எழுத முடியாது. வியப்பு, வருத்தம், விளைவு எல்லாம் ‘விச்’சின் பங்கு.

இது கொச்சை ஆங்கிலமா? அண்மையில் வந்த வழக்கமா?

வடிவகணித நிரூபணங்களின் கடைசியில் க்யூ.இ.டி. என்று மூன்று எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘குவாட் எராட் டெமான்ஸ்ட்ராண்டும்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. ‘விச் வாஸ் டு பி டெமான்ஸ்ட்ரேட்டட்’ என்று பொருள். கிரேக்க மொழியில் கணித அறிஞர் யூக்ளிட் தன் நிரூபணங்களை முடிக்கும் தொடரும் இதே அமைப்புதான். அங்கே ‘விச்’ சுட்டுவது ஒரு கோட்டையோ முக்கோணத்தையோ அல்ல, இப்போதுதான் நிறுவப்பட்ட கூற்று முழுவதையும். யூக்ளிடின் காலம் ஏறத்தாழ கிமு 300. கணித நிரூபணத்தின் கடைசி வரிக்கே தகுதியான ஓர் அமைப்பைக் கொச்சை என்று ஒதுக்க முடியாது.

வாக்கியத்தையே ‘விச்’ என்று தொடங்கலாமா?

க்யூ.இ.டி.யும் தனியாகத்தான் நிற்கிறது என்று உடனே கேட்பீர்கள். பேச்சில் தாராளமாகத் தொடங்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் முடித்துவைப்பதும் உண்டு. “தி லாஸ்ட் பஸ் ஹாஸ் கான்.” “விச் மீன்ஸ் வி ஆர் வாக்கிங்.” பேச்சை வேறு பக்கம் திருப்ப ‘விச் ரிமைண்ட்ஸ் மீ’ என்பார்கள். பத்திரிகைப் பத்திகளிலும் விளம்பரங்களிலும் ‘விச் இஸ் வொய்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் நிறையக் கிடைக்கும்.

தேர்வுத்தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் வேண்டாம். திருத்துகிறவர் அதை முழுமையற்ற வாக்கியம் என்று வட்டமிட்டுவிடுவார், நீங்கள் தெரிந்தே செய்ததாக அவருக்குத் தெரியாது.

தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் செய்யும் வேறு பிழைகள்?

‘விச்’சுக்குப் பிறகு ஒரு ‘இட்’ சேர்ப்பது. “ஹீ லெஃப்ட் ஏர்லி, விச் இட் அப்செட் மீ.” எழுவாய் இடத்தில் ‘விச்’ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, இன்னோர் எழுவாய்க்கு இடமில்லை. அடுத்தது ‘அண்ட் விச்’. முன்னால் ஒரு ‘விச்’ கிளாஸ் இருந்து, இது இரண்டாவது என்றால் மட்டும் ‘அண்ட்’ வரலாம்.

‘விச்’ கிளாஸின் காலம் முதல் வாக்கியத்தோடு ஒத்துப்போக வேண்டுமா?

தேவையில்லை. “ஷி லெஃப்ட் இன் 2019, விச் இஸ் வொய் தி போஸ்ட் இஸ் ஸ்டில் எம்ப்டி.”

ஒரே வாக்கியத்தில் எத்தனை ‘விச்’ போடலாம்?

ஒன்று போதும். “தி சர்வர் வென்ட் டவுன், விச் டிலேய்ட் தி ரிப்போர்ட், விச் அப்செட் தி க்ளையன்ட், விச் இஸ் வொய் ஐ ஆம் ரைட்டிங்” என்று போனால் ஒவ்வொரு ‘விச்’சும் எதைச் சுட்டுகிறது என்று படிப்பவர் திரும்பித் திரும்பிப் போக வேண்டியிருக்கும். முதல் ‘விச்’சோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, “தி க்ளையன்ட் இஸ் அப்செட்” என்று புதிதாகத் தொடங்குங்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது?

தமிழில் இரண்டு வாக்கியங்களாக நினைத்து, ஆங்கிலத்தில் ஒன்றாக எழுதிப் பாருங்கள். இரண்டாம் வாக்கியம் ‘இது’, ‘இதனால்’, ‘அப்படியானால்’, ‘அதற்குள்’ என்று தொடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சில சோடிகளைக் கீழே தருகிறேன். விடையைப் பார்ப்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

‘கடை மூடியிருந்தது. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது.’ “தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட், விச் சீம்ட் ஸ்ட்ரேஞ்ச் டு மீ.” இங்கே ‘ஷாப்’ விசித்திரமானது அல்ல என்பது சொல்லாமலே புரிகிறது.

‘மழை வரலாம். அப்படியானால் நாளைக்குப் போவோம்.’ “இட் மே ரெய்ன், இன் விச் கேஸ் வி வில் கோ டுமாரோ.”

‘அவர் எல்லாக் கடன்களையும் அடைத்துவிட்டார். இது அவருடைய மனைவிக்கு நிம்மதி.’ “ஹீ பெய்ட் ஆஃப் ஆல் ஹிஸ் லோன்ஸ், விச் வாஸ் எ ரிலீஃப் டு ஹிஸ் வைஃப்.” ‘லோன்ஸ்’ பன்மை என்று பார்த்து ‘வேர்’ எழுதியிருந்தால், மனைவிக்கு நிம்மதி தந்தவை கடன்கள் என்று ஆகிவிடும்.

‘நாங்கள் போய்ச்சேர்ந்தபோது மணி எட்டு. அதற்குள் திருமணம் முடிந்துவிட்டது.’ “வி காட் தேர் அட் எய்ட், பை விச் டைம் தி வெட்டிங் ஹாட் என்டட்.”

‘மேலாளர் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார். இது நிறுவனத்துக்கு நஷ்டம்.’ இதை மட்டும் “தி மேனேஜர் கேன்சல்ட் தி ப்ராஜெக்ட், விச் காஸ்ட் தி கம்பெனி மனி” என்று எழுதிவிடாதீர்கள். நஷ்டம் தந்தது திட்டமா, ரத்தா என்று தெரியாது. நீங்கள் சொல்ல வந்தது ரத்து என்றால் “கேன்சலிங் தி ப்ராஜெக்ட் காஸ்ட் தி கம்பெனி மனி” என்று எழுதுங்கள். திட்டம் என்றால் “தி ப்ராஜெக்ட் வாஸ் லூசிங் மனி, சோ தி மேனேஜர் கேன்சல்ட் இட்.”